மருந்துக்கு முன் மழைக்கணக்கு: மரம் வாடும்போது அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தென்னையில் குரும்பை கொட்டுகிறது என்றதும் மருந்துக் கடைக்கு ஓடுவது நம் வழக்கமாகிவிட்டது. ஒரு புட்டி வாங்கித் தெளிக்கிறோம். குரும்பை மறுபடியும் கொட்டுகிறது. பணம் போய், தோப்பில் இருந்த நல்ல பூச்சிகளும் செத்த பிறகுதான், சென்ற ஆண்டு ஐப்பசியில் மழை பொய்த்தது நினைவுக்கு வருகிறது. நெல் வாடினால் அன்றே தெரியும். மரம் அப்படியல்ல. வாங்கிய அடியை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் உள்ளே வைத்திருந்து பிறகுதான் காட்டும்.

என் தந்தை தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறம் மழை பெய்த நாளையும், அனல் அடித்த நாளையும் குறித்து, ஆண்டு முடிவில் நூல் கோத்து வைப்பார். அந்தக் கட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான்: மரத்தின் நோயை இன்றைய இலையில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். மழையும் வெயிலும் முறை தவறிப்போன இந்த ஆண்டுகளில் அது இன்னும் உண்மையாகியிருக்கிறது.

காரணம் எளிது. காற்று ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். காற்றின் தாகம் கூடுகிறது, அதைத் தணிப்பது இலையில் இருக்கும் நீர். மரம் இலைத் துளைகளை மூடிக்கொண்டு நீரைக் காப்பாற்றும். மூடினால் உணவு தயாரிப்பும் நின்றுவிடும். சில நாட்களுக்குப் பரவாயில்லை. மாதக்கணக்கில் நீண்டால் சேர்த்துவைத்த மாவுச்சத்தைத் தின்றுதான் பிழைக்க வேண்டும். பூச்சியையும் பூசணத்தையும் தடுக்கப் பிசினும் கசப்பும் சுரக்க அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது. அதே வெப்பத்தில் பல பூச்சிகளோ தலைமுறையை வேகமாக முடித்துப் பெருகுகின்றன.

எந்த அறிகுறிக்கும் முன்: மூன்று சோதனை

முதலில் நகக்கீறல். காய்ந்ததுபோலத் தெரியும் குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, பொடியாக இருந்தால் அந்த இடம் போய்விட்டது. நுனியிலிருந்து கிளை, கிளையிலிருந்து தண்டு என்று உள்நோக்கி வாருங்கள், பச்சை எங்கே தொடங்குகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தென்னைக்கும் பனைக்கும் இது பொருந்தாது. அவற்றுக்குக் குருத்துதான் உயிர், குருத்து விறைப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து மண். கிளைகளின் நிழல் முடியும் விளிம்பில் கடப்பாரையால் ஓர் அடி ஆழம் தோண்டி மண்ணைக் கையில் பிடியுங்கள். மேல்மண் ஈரமாகவும் ஓர் அடிக்குக் கீழே புழுதியாகவும் இருப்பதைப் பல தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். தினமும் குழாயில் தெளிப்பவர்களின் தோட்டத்தில்தான் இது அதிகம். அதே குழியில் ஒரு சல்லிவேரை எடுத்துப் பாருங்கள். வெளிறி உறுதியாக இருந்தால் நல்லது. கறுத்து, தோல் உரிந்து, நாற்றம் அடித்தால் வேர் மூச்சு முட்டியிருக்கிறது.

மூன்றாவது நாட்காட்டி. கடந்த மூன்று ஆண்டுகளில் மழை பொய்த்த பருவம், நீர் தேங்கிய நாட்கள், புயல், அருகில் நடந்த சாலை அல்லது சாக்கடைப் பணி எல்லாவற்றையும் எழுதுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கீழே உள்ள எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: தென்னையில் குரும்பை உதிர்கிறது, காய் சிறுத்துவிட்டது, ஒல்லிக்காய் (உள்ளே பருப்பில்லாத காய்) விழுகிறது

ஓரளவு உதிர்வது இயல்பு. பாளையில் வரும் பெண்பூக்களில் மூன்றில் ஒரு பங்கு நின்றாலே நல்ல காய்ப்புதான். அதைவிட மோசம் என்றால் மேலே படியுங்கள்.

விழுந்த குரும்பையின் தொப்பியைக் கழற்றிப் பாருங்கள். தொப்பிக்குக் கீழே வெளிர்மஞ்சள் நிறத்தில் முக்கோணத் திட்டு இருந்தால், அல்லது கொஞ்சம் பெரிய காயில் அது பழுப்பேறி வெடித்திருந்தால், ஈரியோஃபிட் சிலந்தி. வறண்ட கோடையில்தான் இது உச்சத்துக்குப் போகும். கிராமத்தில் தேரை மோந்த காய் என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள். தேரைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

திட்டு இல்லை, குரும்பை சுத்தமாக இருக்கிறது என்றால் நாட்காட்டியை எடுங்கள். தென்னையில் பாளை மொட்டு உருவாகத் தொடங்குவதிலிருந்து பாளை வெடிப்பதற்கு ஏறத்தாழ 32 மாதம் ஆகிறது. வெடித்த பாளை முற்றிய காயாக இன்னும் ஓராண்டு. மொத்தம் சுமார் 44 மாதம். இந்த நீண்ட பயணத்தில் எந்தக் கட்டத்தில் வறட்சி தாக்கினாலும் அதன் பலன் பிறகு வந்தே தீரும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. அந்தக் கார்த்திகையில் மரத்தின் உள்ளே உருவாகத் தொடங்கிய பாளை 2019 நடுவில்தான் வெளியே வந்திருக்கும், 2020இல்தான் காயாக இறங்கியிருக்கும். இடையில் நல்ல மழை பெய்தும் காய் வரவில்லையே என்று மரத்தின்மேல் கோபப்பட்டு வெட்டியவர்கள் உண்டு. மரம் பழைய கடனைத்தான் அடைத்துக்கொண்டிருந்தது.

உதிர்வு சித்திரை, வைகாசியில் மட்டும் கூடி, ஆடியில் தானாகக் குறைகிறதா? அப்படியானால் அது இந்த ஆண்டு வெயிலின் வேலை. 35 டிகிரியைத் தாண்டி வறண்ட காற்று வீசும் நாட்களில் மகரந்தம் முளைக்கும் திறன் சரிந்து, பூ நிற்பதில்லை.

செய்ய வேண்டியது: வட்டப்பாத்தியை மரத்திலிருந்து 1.8 மீட்டர், அதாவது ஆறடி ஆரத்தில் எடுங்கள். மரத்தடியில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, நீரை உறிஞ்சும் வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன. பாத்தியில் நூறு உரிமட்டைகளைக் குவிந்த (முதுகுப்) பக்கம் மேல்நோக்கி அடுக்குங்கள், அல்லது நார்க்கழிவை நான்கு விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். கோடையில் சொட்டுநீருக்கு மேற்கு மாவட்டங்களில் மரத்துக்கு நாளொன்றுக்கு 65 லிட்டர், கிழக்கு மாவட்டங்களில் 80 லிட்டர் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு. தண்ணீர் குறைவான ஆண்டில் அளவைக் குறைக்கலாம், நிறுத்திவிடக் கூடாது. வறட்சியைத் தாங்க வைப்பதில் பொட்டாஷுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்டுக்கு 2 கிலோவை இரண்டாகப் பிரித்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது மட்டும் வையுங்கள். காய்ந்த மண்ணில் வைக்கும் உரம் வேரைச் சுடும்.

அறிகுறி: கீழ் ஓலைகளில் கரி பூசியதுபோல் கறுப்புப் படலம்

ஓலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை மெழுகில் சுருள் சுருளாகக் கோலம் போட்டதுபோல் முட்டைகள் இருந்தால் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில்தான் இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது. மழை பொய்த்து வெப்பம் கூடிய அதே ஆண்டு. ஈ சுரக்கும் தேன்போன்ற கழிவு கீழ் ஓலைகளில் வழிகிறது, அதன்மேல் பூசணம் வளர்கிறது. ஓலை கறுத்தால் வெயில் உள்ளே போகாது, ஆனால் மரம் இதனால் மட்டும் சாகாது.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. கடும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தால் என்கார்சியா என்னும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய குளவிதான் முதலில் சாகிறது. அது வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் குளவி. அதைக் கொன்றுவிட்டால் அடுத்த மாதம் ஈ இரட்டிப்பாகத் திரும்பும். மாறாக, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பாலித்தீன் தாள்களை ஆள் உயரத்தில் கட்டுங்கள். கீழ் ஓலைகளின் அடியில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சுங்கள். கறுப்புப் படலத்தின்மேல் லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துக் காய்ச்சிய பசையைத் தெளித்தால், வெயிலில் காய்ந்து படலத்தோடு உரிந்து விழும். குளவி நிறைந்த தோப்பிலிருந்து ஓலைத் துண்டுகளைக் கொண்டுவந்து உங்கள் ஓலைகளில் செருகுங்கள். அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். நல்ல மழை ஒன்று பெய்தால் பாதிப் பிரச்சினை கழுவிப் போய்விடும்.

அறிகுறி: தென்னையின் அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிகிறது

அடித்தண்டழுகல், தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்றது. மண்ணில் இருக்கும் கானோடெர்மா பூசணம் காரணம். கோடையில் நீரின்றித் தவித்த மரங்களில் வேகமாகப் பரவும். ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, தொழுவுரத்தில் கலந்த ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூசணம், ஒரு சதவீத போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) வேர்ப்பகுதி நனைய ஊற்றுதல், இவை தொடக்கத்தில் உதவும். ட்ரைக்கோடெர்மாவையும் போர்டோவையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், போர்டோ ட்ரைக்கோடெர்மாவைக் கொன்றுவிடும். நோயுள்ள மரத்திலிருந்து நல்ல மரத்துக்குப் பாத்தி வழியாக நீர் பாயவும் கூடாது.

சாறு இல்லை, ஆனால் ஓலைக்கீற்றுகள் விலா எலும்புபோல் உள்நோக்கி வளைந்து துவள்கின்றன என்றால் அது வேர் வாடல் நோய். கேரளத்திலிருந்து வந்து தேனி, கோவை, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் உள்ளது. தண்ணீர் விட்டாலும் அந்த வளைவு நிமிராது. இதற்கு மருந்தும் இல்லை. காய்ப்பு நின்ற மரத்தை அகற்றுவதும், மற்ற மரங்களைப் போஷாக்காக வைத்திருப்பதும்தான் வழி. எல்லாப் பழியையும் வானிலைமேல் போட்டால் இதைக் கோட்டைவிட்டுவிடுவோம்.

அறிகுறி: வேப்பமரம் தீயில் வாட்டியதுபோல் நுனிநுனியாகக் காய்கிறது

தொலைபேசியில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான், அதிகம் மனம் நோவதும் இதற்குத்தான். வேம்பு காய்ந்தால் ஊருக்கு ஆகாது என்று பயந்து வெட்டிவிடுகிறார்கள். கோயில் வாசலில் நிழல் தந்து நின்ற மரம்கூடத் தப்புவதில்லை.

முதல் கேள்வி: எந்த மாதம்? மாசி, பங்குனியில் மரம் முழுவதும் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் அது ஆண்டுதோறும் நடப்பது. சித்திரைக்குள் தளிரும் பூவும் வரும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

மழைக்காலத்தின் பின்பாதியிலிருந்து தைவரை, இலை உதிராமல் பழுப்பாகி நுனிக் கொழுந்தோடு தொங்கினால் அது நுனிக்கருகல். இதில் இரண்டு பேர் கூட்டு. தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி இளந்தண்டைக் குத்திச் சாறு உறிஞ்சுகிறது. தேயிலையிலும் முந்திரியிலும் இருப்பதுதான் வேம்புக்கும் வருகிறது. ஃபோமாப்சிஸ் என்னும் பூசணம் ஈரம் மிகுந்த நாட்களில் குச்சியைக் கருக்குகிறது. தெலங்கானாவிலும் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் ஊர் ஊராக வேம்பு இப்படிக் காய்ந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தவரை, மழை நீண்டு, அதன் பிறகும் வெக்கை குறையாத ஆண்டுகளில் இது கூடுகிறது. அப்போது மரம் பருவம் தப்பித் துளிர்க்கிறது. அந்த இளங்கொழுந்துதான் இரண்டுக்கும் விருந்து.

நகக்கீறல் சோதனையைச் செய்யுங்கள். பெரும்பாலும் ஓரடி, இரண்டடிக்கு உள்ளே பச்சை இருக்கும். அப்படியானால் மரம் மீளும். நாற்பது அடி வேம்புக்கு மருந்து தெளிப்பது நடக்கிற காரியமில்லை, தேவையும் இல்லை. சிறு மரமானால் வறண்ட நாளில் காய்ந்த குச்சிகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டி எரித்துவிடுங்கள். ஈர நாளில் வெட்டாதீர்கள், வெட்டுவாயில் பூசணம் ஏறும். வேரைச் சுற்றி சிமென்ட் பூசியிருந்தால் குறைந்தது ஒரு மீட்டராவது உடைத்துத் திறந்துவிடுங்கள். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக ஒரு பாய்ச்சல் போதும்.

சித்திரை முடிந்தும் ஒரு பெரிய கிளை துளிர்க்கவில்லை, கீறினாலும் பச்சை இல்லை என்றால் அந்தக் கிளையை மட்டும் எடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு பச்சை தொடங்கும் இடம் உள்வாங்கிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். அதற்குத்தான் முதல் ஆண்டே குறித்துவைக்கச் சொன்னேன்.

அறிகுறி: மா பூக்காமல் கொழுந்துவிடுகிறது, அல்லது பூத்துக் கருகுகிறது

மா பூப்பதற்கு மார்கழிக் குளிர் வேண்டும். இரவு இதமாகக் குளிர்ந்து, மண் கொஞ்சம் காய்ந்து, மரம் ஓய்வெடுத்தால்தான் நுனிமொட்டு பூங்கொத்தாக மாறும். மார்கழியிலும் மழை பெய்து இரவு வெக்கையாக இருந்தால், அதே மொட்டு செங்கொழுந்தாக வெடிக்கும். ஒரு கிளையில் பூவும் இன்னொரு கிளையில் கொழுந்துமாக இருப்பது குளிர் அரைகுறையாக வந்த ஆண்டின் அடையாளம்.

கொழுந்து வந்துவிட்ட நுனியில் இந்த ஆண்டு பூவை எதிர்பார்க்காதீர்கள். மாசி வரையும் எதுவும் வராத நுனிகளுக்கு ஒரு சதவீத பொட்டாசியம் நைட்ரேட் தெளித்துப் பார்க்கலாம். அடுத்த ஆண்டுக்கு: ஐப்பசி முதல் மார்கழிவரை நீர் பாய்ச்சாதீர்கள், யூரியா போடாதீர்கள். வறட்சியில் இளைத்த மரத்துக்குப் பேக்லோபியூட்ரசால் என்னும் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தை ஊற்றிப் பூக்கவைக்கவே வேண்டாம். ஓர் ஆண்டு காய்க்காக மரத்தின் பல ஆண்டு வலுவை எரிப்பது அது.

பூ கருகினால் கிட்டே போய்ப் பாருங்கள். வெண்பொடி தூவியதுபோல் இருந்தால் சாம்பல் நோய், நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், காலைக் குளிரில் மட்டும். சுடும் வெயிலில் கந்தகம் பூவையே பொசுக்கும். கரும்புள்ளிகளாக இருந்து, தை மாசியில் எதிர்பாராத மழையும் பெய்திருந்தால் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோய். கிளையை அசைத்ததும் ஆப்பு வடிவச் சிறு பூச்சிகள் படபடவென்று பறந்தால் தத்துப்பூச்சி. முழுப் பூவில் எதையும் தெளிக்காதீர்கள். மாவில் காய்ப்பிடிப்பது ஈக்களால்.

அறிகுறி: மண் ஈரமாக இருக்கிறது, இலையோ வாடித் தொங்குகிறது

வாட்டத்தைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவது இதில் நடக்கும் கொடுமை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட மழைக்குப் பிறகு மண்ணில் காற்று இருந்த இடமெல்லாம் நீர் நிறைந்து வேர் மூச்சு முட்டும். மூச்சற்ற வேர் நீரையும் உறிஞ்சாது. முருங்கையும் பப்பாளியும் சில நாட்களிலேயே போய்விடும். நாவலும் நீர்மருதும் புங்கமும் நெடுநாள் தாங்கும்.

வாய்க்கால் வெட்டி நீரை வடியுங்கள். தண்டின் கழுத்தில் படிந்த வண்டலை அகற்றுங்கள். ஈரம் காயும்வரை டிராக்டரை உள்ளே விடாதீர்கள். உரம் வேண்டாம், புதிய வெண்வேர் வந்த பிறகு போடலாம்.

அறிகுறி: இலை ஓரம் மட்டும் கருகுகிறது

முதிர்ந்த இலையில் நுனியிலிருந்து ஓரம் வழியாகப் பழுப்பு நகர்ந்தால் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீர் கோடையில் ஆழம் போகப்போக உப்பேறுகிறது. நீரையும் மண்ணையும் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சுங்கள். மழைநீரைப் பாத்தியிலேயே நிறுத்தி உப்பைக் கீழே இறக்குங்கள். மாறாக, மேற்குப் பக்க இளம் இலைகள் மட்டும் பொசுங்கியிருந்தால் வெயில். அருகில் நிழல் தந்த மரம் அண்மையில் விழுந்ததா என்று பாருங்கள். தண்டில் அந்தப் பக்கம் சுண்ணாம்பு அடித்தால் பட்டை வெடிக்காது.

அறிகுறி: புயலுக்குப் பின் மரம் சாய்ந்து நிற்கிறது

2016 டிசம்பரில் வர்தா சென்னையைக் கடந்தபோது சாலையோரத்தில் பெருமளவில் விழுந்தவை குல்மொகரும் தூங்குமூஞ்சியும் மஞ்சள் வாகையும். பல மரங்களின் அடியில் சாக்கடைக்காக ஒரு பக்க வேர் முன்பே வெட்டப்பட்டிருந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் அருகே கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளில் தென்னை வரிசை வரிசையாகச் சாய்ந்தது. பனைகளில் பெரும்பாலானவை நின்றன.

சாய்ந்த மரம் இளையதா, ஒரு பக்க வேராவது மண்ணில் பிடித்திருக்கிறதா? அப்படியானால் மண் ஈரம் காய்வதற்குள் மெல்ல நிமிர்த்தி, மூன்று பக்கம் முட்டுக்கொடுத்து, வேரை மண்ணால் மூடுங்கள். கயிறு தண்டை அறுக்காமல் சாக்கு சுற்றிக் கட்டுங்கள். பெரிய மரத்தை இயந்திரத்தால் நிமிர்த்தினால் எஞ்சிய வேரும் அறும். முறிந்த கிளையைச் சீராக அறுத்துப் போர்டோ பசை தடவுங்கள், ஆனால் தலை முழுவதையும் மொட்டையடிக்காதீர்கள். இலை இல்லாமல் புதிய வேருக்குச் சோறு போடுவது யார்?

தென்னையானால் குருத்தைப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் காத்திருங்கள். இழுத்ததும் கையோடு வந்து நாற்றம் அடித்தால் அது முடிந்தது. காயம் பட்ட மரத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும், தண்டில் துளையும் மென்ற நாரும் தெரிகிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். விழுந்த மரங்களைத் தோப்பில் கிடக்கவிட்டால் மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நின்ற மரங்களின் குருத்தைக் குடையும்.

புயல் வந்த தேதியை நாட்காட்டித் தாளில் எழுதி மரத்தின் எண்ணையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். தென்னைக்கு அந்தத் தாள் அடுத்த 44 மாதம் தேவைப்படும்.